வெறி இல்லாதவன் கேப்டன் ஆக முடியுமா?

கேள்வி, 04.01.2026, மாலை 6.12

எங்க ஊரு வாடிப்பட்டிப் பக்கம். 65 கிலோ கபடி டீமுக்கு கேப்டனை மாத்தணும்னு பேச்சு ஓடுது. இப்ப இருக்கிறவன் நல்லா ஆடுவான், ஆனா தோத்தாலும் சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றான். என்னைக் கேட்டா வெறி இல்லாதவன் கேப்டனே இல்ல. ஆடி ஓய்ஞ்ச அண்ணன்மார் என்ன சொல்றீங்க?

04.01.2026, இரவு 10.40

சரியாச் சொன்னீங்க தம்பி. தோத்துட்டுச் சிரிக்கிறவனை நம்பி மத்த ஆறு பேரு எப்படி முட்டி பேர விழுவான்?

நான் மேலூர்ப் பக்கத்து ஆளு. 1997-ல ஆட ஆரம்பிச்சு 2006 வரைக்கும் மண்ணுல உருண்டவன். ரெய்டர், அதாவது எதிர் டீம் பக்கம் பாடிப் போய் ஆளைத் தொட்டுட்டு வர்றவன். கடைசி நாலு வருசம் கேப்டன். இப்ப மதுரை சிம்மக்கல்ல ஒரு சின்ன அச்சாபீஸ் வச்சிருக்கேன், ஒம்பது பேரு வேலை பாக்குறாங்க, எனக்கு வயிறு வேற போட்டுருச்சு. ஆனா மின்னொளி கபடின்னு நோட்டீஸ் அடிக்க ஆள் வந்தா இன்னைக்கும் கை நடுங்கும்.

வெறின்னா என்னன்னு ஒரு கதை சொல்றேன். 2004, வைகாசி, சிவகங்கைப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. அரையிறுதி. ராத்திரி ரெண்டரை மணி. நாங்க 17, அவிய்ங்க 19. ஆட்டம் முடிய ஆறேழு நிமிசம் இருக்கு. நான் பாடிப் போறேன். அவிய்ங்க லெப்ட் கவர், தடுத்துப் பிடிக்க நின்னவன், கைய நீட்டுனான், நான் தொட்டேன். தொட்டுட்டுத்தான் என் கால் லாபிக்குள்ள போச்சு. லைன்மேன் கையைத் தூக்கிட்டாரு. கால் முதல்ல போயிருச்சு, அப்புறந்தான் தொட்ட, அதனால நீதான் அவுட்டுன்னு நடுவர் சொல்றாரு.

நான் பனியனைக் கழட்டி நடுக்கோட்டு மேல போட்டேன். "எல்லாரும் வெளிய வாங்கடா." உள்ள நின்ன அத்தனை பேரும் வந்துட்டாய்ங்க. ஒருத்தன் ஏன்னு கேக்கல. கமிட்டிக்காரங்க கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க, மைக்குல கெஞ்சுனாங்க. நாங்க போகல. ஐயாயிரம் போச்சு, ஆட்டுக்கிடாயும் போச்சு. போனாப் போகுது. அநியாயத்துக்கு மண்ணுல நிக்க மாட்டோம்னு காட்டிட்டு வந்தோம். அந்த ஊர்ல இன்னைக்கும் எங்க டீம் பேரைச் சொல்லிப் பாருங்க.

அதுதான் கேப்டன். மாத்துங்க உங்க ஆளை.

05.01.2026, காலை 7.05

ஒரு திருத்தம். 17-19 இல்ல, 16-19. ராத்திரி படுத்து எண்ணிப் பாத்தேன். முதல் பாதியில எனக்கு ஒரு போனஸ் பாயிண்ட் தரல, அதையும் சேத்துக்கிட்டேன். இருபத்தோரு வருசமா சேத்துத்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

கபடி தெரியாத ரெண்டு பேரு லாபின்னா ஓட்டல் வாசலான்னு கேட்டிருக்காங்க. ஆம்பளைங்க களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த அகலத்துல ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு மீட்டர் லாபி. தொடுறதோ பிடிக்கிறதோ நடந்தப்புறந்தான் அந்த இடம் ஆட்டத்துல சேரும். அதுக்கு முன்னாடி ரெய்டர் அங்க கால் வச்சா அவுட். ஒரு சாண் முன்ன பின்ன, ஒரு கண் சிமிட்டு முன்ன பின்ன. அம்புட்டுத்தான் எங்க சண்டை.

06.01.2026, இரவு 9.30

மேல ஒருத்தரு, லீடர்ஷிப்புக்குப் பேஷனும் வேணும், பெர்ஸ்பெக்டிவும் வேணும்னு எழுதியிருக்காரு. எனக்குப் பேஷன்னா ஹீரோ ஹோண்டா வண்டிதான் தெரியும். நல்ல மைலேஜ்.

சரி, கிண்டல் போதும். நம்ம ஊர்ல அதுக்கு வெறின்னு சொல்ல மாட்டாங்க, கிறுக்குன்னுதான் சொல்லுவாங்க. "அவன் கபடிக் கிறுக்கன்பா." அதுல திட்டும் இருக்கும், பாசமும் இருக்கும். அந்தப் பெர்ஸ்பெக்டிவுக்கு என்ன சொல்றது? நிதானம்னா வேகம் குறைஞ்ச மாதிரி ஆயிருது. நோக்குன்னா மேடைப்பேச்சு. எங்க அப்பத்தா ஒண்ணு சொல்லும்: "எங்கிட்டு நின்னு பாக்குறன்னு பாத்துப் பேசு." அதுதான் கிட்ட வருதுன்னு நினைக்கிறேன்.

வார்த்தைன்னதும் ஞாபகம் வருது. ஒரு கமிட்டி போன வருசம் எங்ககிட்ட நோட்டீஸ் அடிக்க எழுதிக் கொடுத்தது "மாபெரும் மின்னொலி கபடிப் போட்டி". ஒளிக்கு ழகரம் வருமா ளகரம் வருமான்னு அவிய்ங்களுக்குள்ளயே சண்டை. நான் ளகரம் போட்டுக் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி அங்க போய் நின்னா எட்டுக் குழாய் கட்டியிருக்காய்ங்க, காது கிழியுது. லகரமே சரின்னு விட்டிருக்கலாம்.

நாங்களும் யோக்கியம் இல்ல. போன ஆவணியில ஒரு கல்யாணப் பத்திரிகை 500, தேதி ஒண்ணு, கிழமை வேற. முழுசும் எங்க செலவுல திருப்பி அடிச்சோம். கம்ப்யூட்டர்ல டிடிபி, அதாவது எழுத்துக் கோக்குற பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏம்மா சொல்லலன்னா, "நீங்க போன்ல கத்திக்கிட்டு இருந்தீங்கண்ணே"ங்குது. அதுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

08.01.2026, இரவு 11.50

ஹாங்சோ ஃபைனலை ஞாபகப்படுத்தினவருக்கு நன்றி. எப்படி எனக்கு முதல்லயே தோணல? 2023 ஆசியப் போட்டி, இந்தியா–ஈரான். 28-28. ஆட்டம் முடிய ஒரு நிமிசம் கிட்ட. பவன் செராவத் டூ-ஆர்-டை ரெய்டு போறாரு, பாயிண்ட் எடுக்கலன்னா அவுட்டு. யாரையும் தொடாமலே லாபிக்குள்ள போயிட்டாரு, அவரைப் பிடிக்க வந்த ஈரான்காரங்களும் பின்னாடியே லாபிக்குள்ள. இப்ப யார் அவுட்டு? பழைய விதியா, புது விதியா? முதல்ல ஒண்ணு கொடுத்தாங்க, மாத்தினாங்க, திரும்ப மாத்தினாங்க. ரெண்டு டீமும் களத்து மேட் மேலயே உக்காந்துருச்சு. ஒரு மணி நேரம் கிட்ட ஆட்டம் நின்னு போச்சு. கடைசியில 33-29, இந்தியாவுக்குத் தங்கம்.

இதை டிவியில பாக்கும்போது நான் சோபா மேல ஏறி நின்னேன். எங்க வீட்ல "இறங்குங்க, பஞ்சு பிதுங்குது"ன்னாங்க. அதே லாபி, அதே சண்டை. பாத்தீங்களா, நாட்டுக்கு ஆடுறவங்களே உக்காந்துட்டாங்க, நான் வெளிய வந்தது என்ன தப்புன்னு எழுதத்தான் இப்ப உக்காந்தேன்.

எழுதி முடிச்சுட்டு ஒரு தடவை படிச்சேன். உக்காந்தாங்க, சரி. ஆனா மேட் மேலயே உக்காந்தாங்க. எந்திரிச்சு மிச்ச ஆட்டத்தை ஆடி முடிச்சாங்க. நான் பனியனைப் போட்டது நடுக்கோட்டு மேல. ரெண்டும் ஒண்ணா?

நாளைக்கு எழுதுறேன்.

09.01.2026, மதியம் 1.15

நாளைக்கு எழுதுறேன்னது தப்பாப் போச்சு. எங்க பழைய லெப்ட் கவர் இதைப் படிச்சுட்டுப் போன் போட்டுட்டான்.

"மாப்ள, நல்லா எழுதுற. ஆனா பாதிக் கதைய எழுதியிருக்க. லைனே அன்னைக்கு அழிஞ்சு கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சுண்ணாம்புக் கோடு. மூணு மேட்ச் ஆடிக் கால்ல பூராம் தேஞ்சு போச்சு. இதுல நீ எதைப் பாத்து தொட்டுட்டுத்தான் போனேன்ங்கிற? அப்புறம், கார்னர் பையன் கதைய ஏன் விட்ட?"

மறந்துட்டேன்டான்னேன். மறக்கலன்னு அவனுக்கும் தெரியும்.

11.01.2026, மாலை 5.20

சரி. முழுசா.

எங்க டீம்ல ரைட் கார்னர் ஆடுனவன் எங்க எல்லாரையும் விடச் சின்னவன். பத்தொம்பது வயசு. ஒல்லி. அவனோட கணுக்கால் பிடி இருக்கே, பாம்பு கொத்துற மாதிரி இருக்கும். ரெய்டர் பின்னங்காலைத் தூக்குற நேரம் பாத்துக் கீழ விழுவான், சத்தமே இருக்காது, ரெய்டர் மூஞ்சி மண்ணுல இருக்கும். நம்ம பக்கத்துப் பையங்க பாதிப் பேரு தாவித் தொடையப் பிடிப்பாய்ங்க, அது பாக்க அழகு, கைதட்டு வரும். இவனுக்குக் கைதட்டே வராது. என்ன நடந்துச்சுன்னு சனத்துக்குத் தெரியுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

அந்த வருசம் அவனைப் பாக்க ஒருத்தர் வந்திருந்தாரு. ஒரு துறை டீமுக்கு ஆள் எடுக்கிறவர். விளையாட்டுக் கோட்டாவுல வேலை. அந்தத் துறை எதுன்னு எழுதல, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. முதல் மேட்ச் முடிஞ்சதுமே அவரு என்கிட்ட வந்து சொன்னாரு: "உங்க கார்னர் தம்பி நல்லாப் பிடிக்கிறாரு. சின்ன டீம்ங்க கூட ஆடுனதைப் பாத்துட்டேன். அரையிறுதியில அந்த லெப்ட் ரெய்டரை எப்படி எடுக்கிறாருன்னு பாத்துட்டுப் பேசுறேன்." எதிர் டீம்ல ஒரு கெஸ்ட் பிளேயர் இருந்தான், அவனைத்தான் சொன்னாரு.

முதல் பாதியில அந்தக் கெஸ்ட் பிளேயர் எங்க பையன் பக்கமே வரல. எல்லா ரெய்டும் அங்கிட்டு. ரெண்டாவது பாதியிலதான் மெதுவா இங்கிட்டு வர ஆரம்பிச்சான். ஒரு தடவை வந்தான், தப்பிச்சான். அடுத்த தடவை வந்தா விட மாட்டேன்னு எங்க பையன் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினான்.

அடுத்த ரெய்டு என்னுது. நடந்ததுதான் மேல எழுதியிருக்கேனே.

நான் வெளிய வாங்கடான்னு சொன்னப்ப அவனும் வந்தான். எல்லாருக்கும் கடைசியா வந்தான். மூலையில நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தான். அந்தத் துறைக்காரர் எங்க வேனுக்குப் பக்கத்துலதான் இருந்தாரு. என்கிட்ட ஒண்ணும் பேசல. கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. டீக்கடையில ஒரு டீ குடிச்சாரு. நாலரை மணிக்கு முதல் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரு. நான் அப்ப கமிட்டிக்காரங்ககிட்ட நியாயம் பேசிக்கிட்டு இருந்தேன். அந்த பஸ்ஸு திரும்புறது வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தேன்.

நல்லா ஞாபகம் இருக்கு. அவன் வேன் டயர் மேல சாஞ்சு உக்காந்து முட்டியில ஒட்டின மண்ணை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தான். "கேப்டன், போலாமா"ன்னு மட்டும் கேட்டான்.

அப்புறம் அவன் ரெண்டு வருசம் ஆடினான். அப்பா தவறிட்டாரு. இப்ப மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுறான்னு கேள்வி. ஒரு தடவை கூட என்னைக் குத்திக் காட்டினதில்ல.

அந்த ஆட்டம் என்னுதுன்னு நினைச்சேன். ஏழு பேருக்கும் அதுல பங்கு இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரி என்னை விட அவனுக்கு அதிகப் பங்கு. என் கோவத்துக்கு அவன் பங்கையும் எடுத்துச் செலவழிச்சுட்டேன்.

11.01.2026, இரவு 10.02

"பெரிய தியாகி மாதிரி அழுறீங்க"ன்னு எழுதினவருக்கு: தியாகம் பண்ணது நான் இல்லண்ணே, அவன். அதுதான் பிரச்சினையே.

"வேலை கிடைச்சிருக்கும்னு என்ன நிச்சயம்?" நல்ல கேள்வி. நிச்சயம் இல்ல. அந்த லெப்ட் ரெய்டர் திரும்பவும் தப்பிச்சிருக்கலாம். நானும் இருபது வருசமா அதைத்தான் எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

17.01.2026, இரவு 11.30

பொங்கல் லீவு. அவனியாபுரம், பாலமேடு, இன்னைக்கு அலங்காநல்லூர்னு மூணு நாளும் வீட்ல டிவி அணையல. அதனால இழை கொஞ்சம் மாட்டுப் பக்கம் போகுது, கோவிச்சுக்காதீங்க.

ரெண்டு வருசம் முன்னாடி சொந்தக்காரர் மாட்டோட பாலமேடு போயிருந்தேன். டிவியில நமக்குத் தெரியுறதெல்லாம் வாடிவாசலுக்கு முன்னாடி. மாடு வெளிய வருது, பையன் திமில்ல தொங்குறான், மூணு துள்ளு தாங்குனானா, விட்டுட்டானா, மைக்குல "மாடு ஜெயிச்சிருச்சு மாடு ஜெயிச்சிருச்சு". கட்டிலு, சைக்கிளு, அண்டா. நான் பாத்தது அந்தப் பக்கம். மாட்டை உள்ள அவுத்துவிட்ட அடுத்த நொடி எங்க மச்சான் கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓட ஆரம்பிச்சுட்டாரு. மாடு பிடிபட்டுச்சா இல்லையான்னு அவரு பாக்கவே இல்ல. வருசம் பூராம் மண்ணைக் குத்த விட்டு, நீச்சல் விட்டு, பருத்திவிதையும் பேரீச்சம்பழமும் ஊட்டி வளத்த மாடு, அது ஆடுற அரை நிமிசத்தை அவரு பாக்கல. களத்தைத் தாண்டுன மாடு மிரண்டு எங்கயாச்சும் ஓடிரும், கிணத்துல விழும், ரோட்டுல ஏறும். அந்தக் கடைசியில போய்க் கயித்தோட நின்னாத்தான் மாடு வீட்டுக்கு வரும்.

"என்ன மாமா, ஜெயிச்சோமா"ன்னு மூச்சு வாங்கிக்கிட்டு என்கிட்ட கேக்குறாரு. நான்தான் பாத்தேன். பிடிபட்டுருச்சுன்னேன். "சரி, காலைப் பாத்தீங்களா, நொண்டுச்சா?" அம்புட்டுத்தான்.

மாட்டுக்காரனுக்கு வெறி இல்லைன்னு யாராச்சும் சொன்னா அலங்காநல்லூர்ல அடி விழும்.

20.01.2026, இரவு 10.15

"அப்ப வெறி வேணாம், ஜாலியா ஆடுங்கடான்னு சொல்றீங்களா"ன்னு வாடிப்பட்டித் தம்பி கேக்குறாரு. இல்ல. அந்தக் குழியிலயும் விழுந்து எந்திரிச்சவன் நான்.

2015 வாக்குல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வருசம் காலையில கபடி சொல்லிக் கொடுத்தேன். பழைய கதை மனசை உறுத்திக்கிட்டே இருந்ததால நான் அப்ப பெரிய ஞானி. கத்த மாட்டேன். நடுவரைப் பாத்துக் கும்பிடுவேன். வட்டார அளவுப் போட்டியில எட்டுப் பாயிண்டுல தோத்தோம். பிள்ளைங்க அழுதுக்கிட்டு வந்துச்சுங்க. நான் சிரிச்ச மூஞ்சியா, "ஜெயிக்கிறது தோக்குறது முக்கியம் இல்லம்மா, கலந்துக்கிட்டோம் பாருங்க, அதுதான்"னேன்.

ஒரு பிள்ளை கண்ணைத் தொடைச்சுட்டு நேராக் கேட்டுச்சு: "முக்கியமில்லன்னா எங்களை எதுக்குண்ணே அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?"

என்கிட்ட பதில் இல்ல. பஸ்ஸுல வர்ற வழி பூராம் இல்ல. அது உடம்பைப் புண்ணாக்கி ஆடுன ஆட்டத்தை நான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். தோத்ததுல அழுறதுக்கு அதுக்கு இருந்த உரிமையையும் பிடுங்கிட்டேன்.

இந்த இடத்துல எனக்கு எப்பவும் ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணியோட கோச் ஞாபகம் வருவாரு. நம்ம சக்கிமங்கலத்துப் பிள்ளை. பாட்டிதான் கூலி வேலை பாத்து வளத்தாங்க. வெறுங்கால்ல ஓடிக்கிட்டு இருந்த பிள்ளையைப் பாத்த கோச் கண்ணன், பாட்டிகிட்டப் பேசிச் சம்மதிக்க வச்சு, லேடி டோக் காலேஜ்ல இடமும் ஹாஸ்டலும் கிடைக்க வழி பண்ணாரு. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் ஓடுச்சு அந்தப் பிள்ளை. பாட்டி வீட்டு வாசல்ல போய் நின்னு பேசுறதுக்கு எம்புட்டுக் கிறுக்கு வேணும்? அதுல, அந்த வீட்டுக் கஷ்டத்தை அங்க நின்னு பாக்குறதும் சேந்துதானே இருக்கு? ரெண்டையும் தராசுல தனித்தனியா வைக்க எனக்குத் தெரியல.

போன டிசம்பர்ல நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ்ல ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்துச்சே, யாரெல்லாம் போனீங்க? இந்தியா–சுவிட்சர்லாந்து, 5-0. எனக்கு ஹாக்கி விதி பாதி தெரியாது, பக்கத்துல உக்காந்திருந்த பள்ளிக்கூடப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். அதே பயலுக சென்னையில அரையிறுதியில ஜெர்மனிகிட்ட 1-5. சின்னப் பையங்க, சொந்த நாட்டுல, அப்படி ஒரு அடி. மூணு நாள் கழிச்சு வெண்கலத்துக்கு அர்ஜென்டினா கூட ஆடுறாய்ங்க, 0-2ன்னு பின்னாடி. கடைசிப் பத்துப் பன்னண்டு நிமிசத்துல நாலு கோல். 4-2. கோச் ஸ்ரீஜேஷ். அந்த மூணு நாள்ல அவரு அந்தப் பையங்ககிட்ட என்ன பேசியிருப்பாருன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. "கலந்துக்கிட்டோம் பாருங்க"ன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்க மாட்டாரு.

22.01.2026, காலை 8.40

எதிராளி பக்கம் நின்னு பாக்குறதுக்கு ஒரு நல்ல உதாரணம் கேட்டீங்க. ரெண்டு சொல்றேன், சுருக்கமா. கடை திறக்கணும்.

2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் கிரிக்கெட் டெஸ்ட். 1988-லருந்து ஆஸ்திரேலியா தோக்காத மைதானம். 328 துரத்தி ஜெயிச்சாச்சு, தொடர் 2-1. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் வலைப்பயிற்சியில பந்து போடப் போயி டெஸ்ட் ஆடுன மேட்ச். எல்லாரும் குதிச்சுக்கிட்டு இருக்கும்போது நம்ம கேப்டன் ரஹானே, ஆஸ்திரேலியாவோட நேதன் லயனைக் கூப்பிட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்ட சட்டையைக் கொடுக்கிறாரு. லயனுக்கு அது நூறாவது டெஸ்ட். தோத்துப்போய் நிக்கிறவனுக்கு இன்னைக்கு என்ன நாள்னு அந்த நேரத்துல ஞாபகம் வச்சிருக்கணுமே!

ரெண்டாவது கொஞ்சம் கசக்கும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி, கபடி. 1990-லருந்து ஏழு தடவை தொடர்ந்து தங்கம் வாங்குன நம்ம ஆம்பளைங்க டீம் அரையிறுதியில ஈரான்கிட்ட 18-27. பொம்பளைங்க ஃபைனல்ல ஈரான்கிட்ட 24-27. ஈரான் பொம்பளைங்களுக்கு கோச் யாரு? நாசிக்காரங்க, சைலஜா ஜெயின். நம்ம ஆட்டத்தை அங்க போய் நின்னு சொல்லிக் கொடுத்தவங்க நம்மாளு. அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்புல அந்தம்மாவைத் திட்டாதவன் இல்ல. நானும் ஒண்ணு போட்டேன். அப்புறம் அழிச்சேன்.

27.01.2026, இரவு 9.55

வாடிப்பட்டித் தம்பிகிட்ட தனியா ஒண்ணு கேட்டிருந்தேன். தோத்துட்டு பஸ்ஸுல வர்றப்ப உங்க பசங்க எப்படி வருவாய்ங்கன்னு. "சத்தம்தாண்ணே. நீ ஏன் அந்தப் பிடிய விட்ட, நீ ஏன் போனஸுக்குப் போன, உன்னாலதான்னு கேப்டனையே ஓட்டிக்கிட்டு வருவாய்ங்க"ன்னு எழுதியிருக்காரு.

எங்க வேன்ல தோத்தா ஒரு பய வாயைத் திறக்க மாட்டான். மேலூர் வர்ற வரைக்கும் இன்ஜின் சத்தம் மட்டும்தான். அதை நான் மரியாதைன்னு நினைச்சேன்.

4-ஆம் தேதி எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆளை மாத்த வேணாம். பொறுங்க, அப்படியும் சொல்ல முடியாது, நான் அவன் ஆடிப் பாத்ததில்ல. சிரிக்கிறாங்கிறதுக்காக மட்டும் மாத்தாதீங்க. சிரிச்சுட்டு அடுத்த நாள் பிராக்டிஸுக்கு எத்தனை மணிக்கு வர்றான்னு பாருங்க.

01.02.2026, இரவு 11.15

இன்னைக்கு அவன் வந்தான். கார்னர் பையன். லெப்ட் கவர்தான் அனுப்பி வச்சிருக்கான், பொண்ணுக்குக் காதுகுத்து, பத்திரிகை 300 அடிக்கணும்னு.

தலை பாதி நரைச்சிருச்சு. ஆள் அதே ஒல்லி. "கேப்டன், எம்புட்டு ஆகும்"னுதான் உள்ள வந்தான். டீ வரச் சொன்னேன். அவன் விலாசமும் மாமன் மச்சான் பேரும் எழுதிக் கொடுத்தான், எங்க பிள்ளை டிடிபி போட ஆரம்பிச்சுச்சு. இப்படி ஒரு இடத்துல இந்தக் கதைய எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். அந்தத் துறைக்காரர், பஸ்ஸு, எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டான். "அது கிடக்கு கேப்டன்"னான். மன்னிச்சுட்டானா, பேச இஷ்டமில்லையான்னு தெரியல. திரும்பக் கேக்கவும் எனக்குத் தைரியம் வரல.

பேச்சை மாத்துறதுக்காகக் கேட்டேன். "என்ன இருந்தாலும் அன்னைக்கு நான் தொட்டுட்டுத்தானடா லாபிக்குப் போனேன்?"

டம்ளரைக் கீழ வச்சான்.

"இல்ல கேப்டன். கால்தான் முதல்ல போச்சு. நல்லா ஒரு சாண்."

"லைன்தான் அழிஞ்சிருந்துச்சே?"

"அங்கிட்டுத்தான் அழிஞ்சிருந்துச்சு. நம்ம பக்கம் கோடு இருந்துச்சு. நான் மூலையில அந்தக் கோட்டுக்கு நேரால்ல நின்னேன். நூல் பிடிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு."

கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லடா."

"எங்க கேப்டன் சொல்றது? நீங்க பனியனைக் கழட்டிட்டீங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அப்புறம் புரூஃபைக் கையில வாங்கி, விரலை வச்சு வரி வரியாப் படிச்சான். தாய்மாமன் பேருல ஒரு கால் விட்டுப் போயிருந்துச்சு, அதைக் காட்டினான். நான் திரும்பி டிடிபி பிள்ளையைப் பாத்தேன். அதுவும் தலையை ஆட்டுச்சு. அதுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.